நஷ்டமான கடையை முறையாக மூடுவது எப்படி? படிப்படியாக ஒரு வழிகாட்டி

கோவைக்கு வெளியே ஒரு பேக்கரியை நான்கு ஆண்டு நடத்தி மூடினேன். ஷட்டரை இறக்க ஒரு நிமிடம் போதும். அதன் பிறகு கணக்குகளை முடிக்கப் பதினான்கு மாதம் அலைந்தேன். எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஐந்து மாதத்தில் முடிந்திருக்கும் வேலை அது. கடை தொடங்கச் சொல்லிக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மூடுவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது ஒருவர் பெயரில் நடக்கும் சிறு கடை, பட்டறை, உணவகம் போன்றவற்றுக்கானது. பிரைவேட் லிமிடெட் அல்லது எல்எல்பி என்றால் கம்பெனிப் பதிவாளரிடம் பெயரை நீக்குவது தனி வேலை. அதற்கு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

1. தேதியைக் குறியுங்கள், மூடும் செலவை ஒதுக்குங்கள்

"இந்த தீபாவளி வரை பார்ப்போம்", "பொங்கல் சீசன் முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போவதுதான் முதல் பொறி. நான் இரண்டு தீபாவளி தள்ளினேன். இரண்டாவது தீபாவளிக்கு முன்பே மூடியிருந்தால் என் கடன் பாதியாக இருந்திருக்கும்.

கையில் காசு சுத்தமாகத் தீர்ந்த பிறகு மூட முடியாது. மூடவும் காசு வேண்டும். வேலை செய்தவர்களின் கடைசி மாதச் சம்பளம், நோட்டீஸ் காலத்து வாடகை, மிச்சச் சரக்குக்கும் மெஷினுக்கும் வரும் ஜிஎஸ்டி, ஆடிட்டர் கட்டணம், சாமான் ஏற்றும் வண்டிக் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 1,65,000 ரூபாய் ஆனது. உங்களுக்கு எவ்வளவு வரும் என்று இன்றே எழுதிப் பாருங்கள். அந்தத் தொகையைக் கடைக் கணக்கில் வைக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். கணக்கில் கிடந்தால் அடுத்த வார மைதா மூட்டைக்குப் போய்விடும்.

2. வீட்டில் சொல்லுங்கள்

இதற்கு ஆவணம் எதுவும் தேவையில்லை, ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நான் ஆறு மாதம் மறைத்தேன். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் நகைக்கடன் ரசீதை என் மனைவி பார்த்தார். அந்தத் தாளை இஸ்திரி போட்டதுபோல் நீவி மேசைமேல் வைத்துவிட்டு, "இன்னும் எத்தனை இருக்குனு சொல்லிடுங்க" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரிதான் என் கடன் மொத்தம் எவ்வளவு என்று எனக்கே முதன்முதலாகத் தெரிந்தது.

தூக்கம் போய்விட்டது, தப்பான எண்ணங்கள் வருகின்றன என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நான் இரண்டு முறை பேசியிருக்கிறேன்.

3. யாருக்கு எவ்வளவு? ஒரே தாளில்

ஒரு பெரிய தாளை எடுத்துக் கோடு போடுங்கள். பெயர், தொகை, என்ன கொடுத்து வாங்கினீர்கள் (செக்கா, புரோநோட்டா, நகையா, வீட்டுப் பத்திரமா, வெறும் வாய்ப்பேச்சா), ஜாமீன் போட்டது யார், அடுத்த தவணை எப்போது. கைமாற்று, சீட்டு, மளிகைப் பாக்கி எதையும் விடாதீர்கள்.

அப்புறம் வரிசை. அதிகம் கத்துகிறவருக்கு முதலில் கொடுப்போம். அது தவறு. நான் இப்போது சொல்லும் வரிசை இது: வேலை செய்தவர்களின் சம்பளம், செக் கொடுத்து வாங்கிய பாக்கி, ஜிஎஸ்டி, வீடும் நகையும் அடமானத்தில் இருக்கும் கடன், ஜாமீன் போட்டவர் மாட்டக்கூடிய கடன், அதன் பிறகு மற்றவை. நகைக்கு முழுத் தொகை கட்ட முடியாவிட்டாலும் ஏலத்துக்குப் போகாதபடி வட்டியையாவது கட்டிக்கொண்டு வாருங்கள். என் மச்சான் ஒரு பைனான்ஸ் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தார். நான் மூன்று தவணை தவறியதில் அவருடைய கிரெடிட் ஸ்கோரும் விழுந்தது. அவருக்கு வீட்டுக் கடன் கிடைக்காமல் போனபோதுதான் அது தெரிந்தது. ஜாமீன் போட்டவரிடம் நீங்களே முன்கூட்டிப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

4. வங்கிக்கு 90 நாளுக்கு முன்பே போங்கள்

தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன் 30, 60, 90 நாள் என்று மூன்று படி எச்சரிக்கைக் கட்டம் இருக்கிறது. முதல் 30 நாளுக்குள் மேனேஜரைப் பார்த்தால் பேச இடம் இருக்கும். 80-ஆம் நாள் போனால் அவர் கையிலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. நான் போனது 80-ஆம் நாள்.

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதமாக எழுதுங்கள். கடை நிலவரம், மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாத அவகாசம் வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். பிற்பாடு எந்தப் பேச்சுவார்த்தைக்கும் அந்த சீல்தான் ஆதாரம்.

உங்களிடம் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால், நலிவடைந்த சிறு தொழில்களுக்கான மறுசீரமைப்பு வழிமுறையின்கீழ் நீங்களே விண்ணப்பிக்கலாம். 2015-இல் மத்திய அரசு அறிவித்தது அது. 25 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்குப் பொருந்தும். தவணைக் காலத்தை நீட்டுவது, கடனை மாற்றியமைப்பது, கடைசி வழியாக வசூல் என்று மூன்றையும் அதில் பரிசீலிப்பார்கள். இங்கே ஒரு பொறி உண்டு. கடையை மூடுகிறோமே என்று உத்யம் பதிவை முதல் வேலையாக ரத்து செய்பவர்கள் இருக்கிறார்கள். வங்கி விவகாரம் முடியும் வரை அதைத் தொடாதீர்கள்.

முத்ரா கடன் வாங்கியவர்களுக்கு ஒன்று. "அடமானம் இல்லாத கடன்தானே, அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்திருக்கிறது, கட்டாவிட்டால் ஒன்றும் ஆகாது" என்று சொல்வார்கள். அந்த உத்தரவாதம் வங்கிக்கு. நமக்கு இல்லை. கடன் நம் பெயரில் அப்படியே நிற்கும். தொழில் தொடங்க மானியத்தோடு கடன் தரும் பிஎம்இஜிபி திட்டத்தில் வாங்கியிருந்தால் மானியத் தொகை மூன்று ஆண்டு வங்கியில் டெபாசிட்டாகப் பூட்டப்பட்டிருக்கும். அதற்குள் மூடினால் மானியம் கைக்கு வராமல் திரும்பிப் போய்விடலாம். இரண்டரை ஆண்டு ஓட்டியவர் என்றால் மூடும் தேதியை இதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வீட்டுப் பத்திரம் வைத்த கடன் வாராக்கடனாகி, அடமானச் சொத்தை வங்கியே கையகப்படுத்த இடம் தரும் சர்பாசி சட்டத்தின்கீழ் நோட்டீஸ் வந்தால் அதில் 60 நாள் அவகாசம் இருக்கும். அந்த நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளில் வங்கி பதில் சொல்ல வேண்டும். அடுத்து வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் நாள் நிற்காது, வாங்கிப் படியுங்கள்.

மொத்தமாக ஒரு தொகை கட்டி முடிக்கும் ஓடிஎஸ் பேச்சு வந்தால், சம்மதக் கடிதம் கைக்கு வருவதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இன்னொன்று, ஓடிஎஸ்-இல் முடித்தால் கிரெடிட் ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று வரும். முழுசாகக் கட்டினால் "க்ளோஸ்டு". இந்த ஒரு சொல்லுக்காகப் பல ஆண்டு கழித்தும் கடன் மறுப்பார்கள். கொஞ்சம் அவகாசம் எடுத்தாவது முழுசாகக் கட்ட முடியுமென்றால் அதையே செய்யுங்கள் என்பது என் கருத்து.

வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டு தமிழகச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

5. செக், புரோநோட்டு: இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்

செக் திரும்பினால் நடப்பது இது. வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக்கை வாங்கியவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் உங்களுக்கு அவகாசம். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. அந்த 15 நாள்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே கதவு. பாதிப் பணமாவது எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பேசி, முடித்ததை எழுதி வாங்குங்கள்.

"ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டால் போச்சு", "அக்கவுண்டையே மூடிவிட்டால் என்ன செய்வார்" என்று யோசனை சொல்பவர்களை நம்பாதீர்கள். இரண்டுமே வழக்குக்கு உரிய காரணங்கள்தான். அதனால் கரண்ட் அக்கவுண்டை எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாகத்தான் மூட வேண்டும்.

சரக்கு எடுக்கத் தொடங்கும்போது தேதியும் தொகையும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு "செக்யூரிட்டி"க்குக் கொடுத்த செக்குகளை நினைவுபடுத்திப் பாருங்கள். நான் மூன்று இடத்தில் கொடுத்திருந்தேன், ஒன்றை மறந்தே போனேன். பாக்கி 22,000 ரூபாய் இருந்த இடத்தில் அந்தச் செக் 1,80,000 ரூபாய்க்கு வந்து நின்றது. கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பில்லும் கையெழுத்தோடு இருந்ததால் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) உட்கார்ந்து பேசி 30,000 ரூபாய்க்கு முடித்தோம். அங்கே கட்டணம் இல்லை, முடிந்த பிறகு மேல்முறையீடும் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். இலவச எண் 15100.

பாக்கி முடிந்ததும் செக்கையும் அசல் புரோநோட்டையும் கையில் வாங்குங்கள். "தேடிப் பார்த்துக் கிழிச்சுடறேங்க" என்பதற்குச் சரி என்று சொல்லி வராதீர்கள். கிடைக்கவில்லை என்றால், இந்த எண்ணுள்ள செக் தொலைந்துவிட்டது, இனி இவரிடம் எனக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள்.

நேர்மையாகச் சொன்னால் பலர் இறங்கி வருகிறார்கள். எனக்கு வெண்ணெயும் டால்டாவும் போட்டவர் கடைக்கே வந்தார். காலி ஷோகேஸைப் பார்த்தார். என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் மாதம் 4,000 என்று பதினொரு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம் போட்டார். "கட்டக் கட்ட டிக் அடிச்சுக்கலாமுங்க, வட்டி வேண்டாம்" என்றார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பதினொரு டிக்கும் விழுந்துவிட்டது.

6. மெஷினையும் சரக்கையும் விற்பது

வங்கிக் கடனில் வாங்கிய ஓவன், மிக்சர், ஃப்ரீசர் எல்லாம் வங்கியின் பிடியில் இருப்பவை. பழைய சாமான் வியாபாரி ரொக்கத்தோடு வந்து நிற்பார். வங்கியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கொடுத்தால் கிரிமினல் வழக்கு வரை போகலாம். இரண்டு மூன்று பேரிடம் விலை எழுதி வாங்கி, அதை வங்கியில் காட்டி அனுமதி கேளுங்கள். பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகட்டும். எனக்கு அனுமதி வர மூன்று வாரம் ஆனது. விலையைப் பொறுத்தவரை வாங்கிய தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கடையில் வைத்துக் காட்டினால் நல்ல விலை கிடைக்கும், கழற்றி மூலையில் போட்டபின் அடிமாட்டு விலைதான். ஆகவே மூடும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள்.

விற்பதை எல்லாம் ஜிஎஸ்டி பில்லோடு விற்றுவிடுங்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

7. ஜிஎஸ்டி: ரத்து ஆணை வந்தால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்

வியாபாரம் நின்ற 30 நாளுக்குள் ரெக்-16 என்ற படிவத்தில் ரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. அதற்கு முன் பாக்கி உள்ள ரிட்டர்ன் எல்லாம் தாக்கல் ஆகியிருக்க வேண்டும். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் நில் ரிட்டர்ன் போட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய் ஏறும்.

ரத்து கேட்கும் நாளில் கையில் இருக்கும் சரக்குக்கும் மெஷினுக்கும், வாங்கும்போது கட்டி, பிறகு உங்கள் வரியில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி) திருப்பிக் கட்ட வேண்டும். மெஷினுக்கு ஐந்தாண்டு ஆயுள் என்று வைத்து மிச்ச மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். அதனால்தான் பில் போட்டு விற்றுவிட்டு விண்ணப்பியுங்கள் என்கிறேன்.

ரத்து ஆணை ரெக்-19 என்ற படிவத்தில் வரும். எனக்கு 26 நாளில் வந்தது. அதைப் பார்த்து நிம்மதியாகி விட்டுவிட்டேன். இதுதான் நான் செய்த பெரிய பிழை. ரத்தான தேதி அல்லது ஆணை வந்த தேதி, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். தவறினால் மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து நாளுக்கு 200 ரூபாய், உச்சவரம்பு 10,000 ரூபாய். நோட்டீஸ் வந்த பிறகு விழித்துக்கொண்டு முழு 10,000 கட்டினேன். ஆணை வந்த அன்றே போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

ரிட்டர்னே போடாமல் விட்டால் அதிகாரியே ரத்து செய்துவிடுவார், வேலை மிச்சம் என்று சிலர் இருக்கிறார்கள். பாக்கியும் தாமதக் கட்டணமும் அப்படியே நிற்கும். அதே பான் எண்ணில் புதிய பதிவு கேட்கும்போது பழையது குறுக்கே வரும்.

8. கட்டட ஓனர், மின்சாரம், மற்றவை

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலமும், இத்தனை மாதம் காலி செய்யக் கூடாது என்ற வரியும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்ற பேச்சையும் எழுத்தில் வையுங்கள். சாவி கொடுக்கும் அன்று மீட்டர் ரீடிங், சுவர், தரை, பாத்ரூம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பெயின்ட் செலவு என்று 40,000 கழிக்கப் பார்த்தார்கள். வீடியோவைக் காட்டியதும் 12,000-இல் நின்றது.

உணவுப் பாதுகாப்பு உரிமம், மாநகராட்சித் தொழில் உரிமம் இரண்டையும் ஒப்படைத்துவிடுங்கள். ஸ்வைப் மெஷினைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் மாத வாடகை பிடித்துக்கொண்டே இருப்பார்கள். கமர்ஷியல் சிலிண்டருக்கு டெபாசிட் கட்டிய வவுச்சர் இருந்தால் சிலிண்டரோடு கொடுத்துப் பணத்தை வாங்கலாம்.

9. நஷ்டத்தையும் வருமான வரியில் காட்டுங்கள்

வருமானமே இல்லை, எதற்கு ரிட்டர்ன் என்று விடாதீர்கள். கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் வியாபார நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல முடியும். நாளை இன்னொரு தொழிலில் லாபம் வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது. ஒரு நாள் தாமதித்தாலும் அந்த உரிமை போய்விடும். ஆடிட்டர் என்னிடம் ஜிஎஸ்டியும் இதுவும் சேர்த்து 12,000 வாங்கினார்.

10. நஷ்டக் கணக்கு எழுதுங்கள்

மூடிய ஒரு மாதத்துக்குள், பில்கள் கையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். கடைசி 24 மாத பேங்க் ஸ்டேட்மென்டை அச்செடுங்கள். மூன்று நிறப் பேனா எடுத்து, வியாபாரத்தில் வந்ததற்குப் பச்சை, வியாபாரத்துக்குப் போனதற்கு நீலம், கடனாக வந்ததற்கும் கடனுக்குப் போனதற்கும் சிவப்பு அடியுங்கள். எனக்கு மூன்று ராத்திரி பிடித்தது.

பெரிய பேக்கரி ஒன்று எதிரே வந்ததால்தான் விழுந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தாளில் பார்த்தால் அது வருவதற்கு எட்டு மாதம் முன்பே சிவப்புக் கோடுகள் தொடங்கியிருந்தன. அந்த மாதம்தான் ஒரு கேன்டீனுக்கு 45 நாள் கடனில் பன்னும் பஃப்ஸும் போட ஆரம்பித்தேன். 2,80,000 ரூபாய் அங்கே நின்றது. அந்த ஓட்டையை அடைக்கத் தினவசூல் கடன் வாங்கினேன். ஒரு லட்சம் கடன், 15,000 பிடித்துக்கொண்டு 85,000 கையில், தினம் 1,000 வீதம் நூறு நாள். "பதினைந்து பர்சென்ட்தானே" என்று நினைத்தேன். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடுகிறது. எந்த பன்னில் அவ்வளவு லாபம் வரும்?

கடைசியில் மூன்று வரி எழுதுங்கள். நஷ்டம் தொடங்கிய மாதம் எது, அப்போது என்ன முடிவு எடுத்தேன், அதை எப்போது கவனித்தேன். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் எத்தனை மாதம் என்று எண்ணுங்கள். எனக்குப் பதிமூன்று. இப்போது வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுக்கிறேன். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி அதே மூன்று பேனாவோடு ஸ்டேட்மென்டைப் பார்த்துவிடுகிறேன். கடனுக்குக் கொடுப்பதில்லை.

11. கிரெடிட் ரிப்போர்ட்டும் பெட்டியும்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹைமார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். கடைசிக் கடன் முடிந்து இரண்டு மாதம் கழித்து நான்கையும் எடுத்துப் பாருங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று நின்றால் ஆன்லைனில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. முழுக் கடன் முடிந்த 30 நாளுக்குள் வீட்டுப் பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய்.

கணக்குப் புத்தகங்களையும் பில்களையும் தூக்கிப் போடாதீர்கள். ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. என் பெட்டி பரண்மேல் இருக்கிறது. ரெக்-19 ஆணை, ஜிஎஸ்டிஆர்-10 ஒப்புகை, வங்கியின் பாக்கியில்லாச் சான்று, திரும்பி வந்த செக்குகள், ஓனர் கொடுத்த ரசீது என்று அடுக்கி வைத்திருக்கிறேன். கேக் வியாபாரத்துக்குப் புதிய கரண்ட் அக்கவுண்ட் திறக்கப் போனபோது பழைய கடை என்ன ஆனது என்றுதான் வங்கியில் முதலில் கேட்டார்கள். பெட்டியிலிருந்து முதல் மூன்று தாளை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.